சூப்பர்ஹீரோ படம் பாக்க ஹோம்வொர்க் பண்ணிட்டுத்தான் போகணுமா? சும்மா பாக்குறவங்க இங்க வாங்க

கடைசிவரிசை:
ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். நான் சினிமா வெறியன்லாம் கிடையாது. வேலை முடிஞ்சு மூளைய கழட்டி வெச்சுட்டு ரெண்டு ரெண்டரை மணி நேரம் யாராவது பறக்கணும், எதாவது வெடிக்கணும், கடைசில நல்லவன் ஜெயிக்கணும், அவ்ளோதான் நம்ம எதிர்பார்ப்பு. சூப்பர்ஹீரோ, புதையல் வேட்டை, டைனோசர், விண்வெளின்னு எது வந்தாலும் போய் உக்காந்துடுவேன். இப்ப பிரச்சனை என்னன்னா படத்துக்கு போறதுக்கு முன்னாடியே கூட வர்றவங்க ஒரு லிஸ்ட் நீட்டுறாங்க, இத பாத்தியா அத பாத்தியா, அந்த சீரிஸ்ல கடைசி எபிசோட் பாக்கலன்னா இதுல வர்ற அக்கா யாருன்னே உனக்கு தெரியாதேன்னு. எனக்கு தெரிய வேணாம் சாமி, அந்த அக்கா நல்லா சண்ட போட்டா போதும்.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, முன்கத எதுவும் தெரியாம நேரா போய் உக்காந்து ரசிக்க முடியிற படங்கள் எது? இன்னொண்ணு, சில படம் மூணு மணி நேரம் ஓடினாலும் தெம்பா வெளிய வர்றேன், சில படம் ரெண்டு மணி நேரத்துலயே மண்டைய பிளக்குது. ரெண்டுலயும் வெடிக்கத்தான் செய்யுது, ஆனா ஏன் இப்படி?

தூங்குமூஞ்சி77:
லிஸ்ட் குடுக்குற ஆளு எல்லா குரூப்லயும் ஒருத்தன் இருக்கான் போல. எங்க ஆளு எக்ஸல் ஷீட்டே வெச்சிருக்கான், கலர் எல்லாம் அடிச்சு.

யுனிவர்ஸ்வாத்தியார்:
அந்த எக்ஸல் ஷீட் ஆளு நான்தான் ஹிஹி.

//எனக்கு தெரிய வேணாம் சாமி//

தெரிஞ்சா கெடைக்கிற சுகம் வேற தல. ஒரே ஒரு உதாரணம் சொல்றேன் (மார்வெல் கம்பெனியோட அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் இன்னும் பாக்காதவங்க இருந்தா இந்த போஸ்ட்ட தாண்டிடுங்க). அதுக்கு முன்னாடி 2015ல வந்த அவெஞ்சர்ஸ் படம் ஏஜ் ஆஃப் அல்ட்ரான்ல ஒரு பார்ட்டி சீன் வரும். தகுதி இருக்குறவங்க மட்டும்தான் தூக்க முடியும்னு சொல்ற தோரோட சுத்தியல யாரு தூக்குறாங்கன்னு ஆளாளுக்கு இழுத்து பாப்பாங்க, எல்லாரும் தோத்துடுவாங்க, கேப்டன் அமெரிக்கா கை வெச்சு இழுக்கும்போது மட்டும் அது மயிரிழை அசையும். தோர் மூஞ்சில இருந்த சிரிப்பு ஒரு நொடி காணாம போயி திரும்ப வரும். அவ்ளோதான், அத பத்தி யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. நாலு வருஷம் கழிச்சு 2019ல எண்ட்கேம் சண்டைல அதே சுத்தியல் தரைல இருந்து கெளம்பி பறந்து போயி கேப்டன் கையில உக்காரும். நான் பாத்த ஷோல பக்கத்து சீட்டு ஆளு யாருன்னே தெரியாது, என்ன கட்டிப்பிடிச்சுட்டாரு. 2008ல ஆரம்பிச்ச மார்வெல் வரிசைல 22ஆவது படம் அது. சும்மா வந்தவங்களுக்கு அங்க ஒருத்தர் சுத்தியல எடுத்தாருன்னு மட்டும்தான் தெரியும். நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஓரசீட்டுஓவியா:
வாத்யாரே அந்த சீன் செம, ஒத்துக்கறேன். ஆனா அதே படம் எப்படி ஆரம்பிக்குதுன்னு யோசிச்சு பாருங்க. ஒரு அப்பா வீட்டுக்கு வெளிய பொண்ணுக்கு வில் பிடிக்க சொல்லி குடுத்துட்டு இருப்பாரு, மனைவியும் பசங்களும் சாப்பாடு எடுத்து வெச்சுட்டு இருப்பாங்க, ஒரு நொடி அந்தப் பக்கம் திரும்புறாரு, திரும்பி பாத்தா பொண்ணு இல்ல. மனைவி இருந்த எடத்துலயும் யாரும் இல்ல. பேர் சொல்லி கூப்பிட்டுகிட்டே நடப்பாரு. அந்த ஆளு பேரு ஹாக்கைன்னு தெரியாட்டியும் வயித்த பிசையுமா பிசையாதா? எக்ஸல் ஷீட்ல எந்த வரியும் அதுக்கு தேவையில்ல. நான் அதுக்கு முன்னாடி நாலஞ்சு படம்தான் பாத்திருந்தேன், அதுவும் வரிசையா இல்ல. முழுசா புரிஞ்சுதான்னா இல்ல, அழுதேனான்னா அழுதேன்.

22 படத்தையும் வரிசையா பாத்தவங்கள மட்டும் நம்பி எடுத்திருந்தா கிட்டத்தட்ட 280 கோடி டாலர் வசூல் எப்படி வரும்? அதுல பெரும்பங்கு நம்மள மாதிரி சும்மா வந்தவங்க காசு.

பழையரீல்:
ஓவியா சொன்னதுல இன்னும் பின்னாடி போகலாம். 2008ல அயர்ன்மேன் வந்தப்ப காமிக்ஸ் படிக்கிறவங்க தவிர வெளில அந்த ஆள யாருக்கு தெரியும்? ஸ்பைடர்மேன், சூப்பர்மேன், பேட்மேன், இவங்க மூணு பேரும்தான் உலகத்துக்கே தெரிஞ்ச முகம். மார்வெல் கம்பெனி 1996ல திவால் ஆச்சு, அந்த காலகட்டத்துல காசுக்காக நல்ல நல்ல ஆளுங்களோட பட உரிமைய எல்லாம் வெளிய குடுத்தாச்சு. ஸ்பைடர்மேன் சோனிக்கு, எக்ஸ்மென் ஃபாக்ஸுக்கு. மிச்சம் மீதி இருந்தவங்கள வெச்சு சொந்தமா படம் எடுக்கலாம்னு 2005ல மெரில் லிஞ்ச்ங்கிற பேங்க் கிட்ட 52.5 கோடி டாலர் வரைக்கும் கடன் வசதி வாங்குறாங்க. அடமானம் என்ன தெரியுமா, கேரக்டர்களோட பட உரிமைதான். படம் ஊத்தியிருந்தா கேப்டன் அமெரிக்கா பேங்க் லாக்கர்ல.

அயர்ன்மேன் ஷூட்டிங் போகும்போது வசனம் பாதி முடிவாகவே இல்ல, ராபர்ட் டவுனி ஜூனியரும் டைரக்டர் ஜான் ஃபாவ்ரோவும் ஸ்பாட்ல பேசி பேசி உருவாக்கினதுதான் நெறைய. அந்த படத்துக்கு போனவன் யாரும் எதையும் படிச்சுட்டு போகல. குகைக்குள்ள மாட்டின ஒருத்தன் தகர டப்பா மாதிரி ஒரு கவசம் செஞ்சு ஒடைச்சுட்டு வெளிய வர்றான், அது எவனுக்கும் புரியும். முன்கத தெரியாதவன் கைதட்டி ஆரம்பிச்சு வெச்ச சாம்ராஜ்யம், இன்னிக்கு அவன பாத்தே ஹோம்வொர்க் எங்கன்னு கேக்குது.

அதே கதைல இன்னொரு விஷயமும் இருக்கு, முதல் அவெஞ்சர்ஸ்ல ஏன் ஸ்பைடர்மேன் இல்லன்னு எங்க வீட்டு பசங்க கேப்பாங்க. கதைல ஒரு காரணமும் இல்ல, பத்திரம்தான் காரணம். சோனியும் மார்வெலும் பேசி முடிச்ச அப்புறம்தான் 2016ல சிவில் வார் படத்துல பையன் தலைய காட்டினான்.

தூங்குமூஞ்சி77:
அடமானம் வெச்சு எடுத்த படமா அது 😳 இத்தன நாளா தெரியாம ஓடிடில அசால்ட்டா பாத்துட்டு இருந்திருக்கேன்

வெட்டுஒட்டு:
கடைசிவரிசை நண்பாவோட ரெண்டாவது கேள்விக்கு யாருமே பதில் சொல்லல. நான் எடிட்டிங் வேலை பாக்குறவன் (சின்ன சின்ன விளம்பரம்தான், பெருசா நெனச்சுக்காதீங்க) அதனால எனக்கு தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

மூளைய கழட்டி வெச்சுட்டு பாக்குறேன்னு சொல்றீங்கல்ல, அப்படி உங்களால பாக்க முடியுதுன்னா உங்களுக்கு பதிலா வேற யாரோ மூளைய போட்டு வேலை செஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். சண்டைக் காட்சில கண்ணு முதல்ல தேடுறது யாரு எங்க நிக்கிறாங்க, எந்தப் பக்கம் போறாங்க, என்ன வேணும் அவங்களுக்குன்னு. அது தெரிஞ்சா நிம்மதியா பாப்பீங்க. தெரியலன்னா ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூளை புதுசா தேட ஆரம்பிக்கும், ஒரு ஷாட்டு ஒரு செகண்டுக்கும் கம்மியா இருந்தா தேடி முடிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துடும், உங்க மண்டைய பிளக்கறது அதுதான்.

மேட் மேக்ஸ் ஃப்யூரி ரோடு (2015) எடுத்துக்கோங்க. படம் முழுக்க துரத்தல்தான், ஒரு ஷாட்ல இருந்து அடுத்ததுக்கு வெட்டுற கட் எண்ணிக்கை பாத்தா மயக்கமே வரும், ரெண்டாயிரத்துக்கும் மேல. ஆனா யாருக்கும் தலை வலிக்கல. ஏன்னா டைரக்டர் ஜார்ஜ் மில்லர் கேமராமேன் ஜான் சீல் கிட்ட ஒரே விஷயத்த திரும்ப திரும்ப சொல்லியிருக்காரு, முக்கியமானது எப்பவும் ஃப்ரேமுக்கு நடுவுல இருக்கணும்னு. ஒரு ஷாட்ல ஹீரோயின் ஃப்யூரியோசா மூஞ்சி நடுவுல இருக்கா, அடுத்த ஷாட்ல அவ பாக்குற துப்பாக்கியும் அதே நடுவுல, அதுக்கடுத்து எதிரி வண்டி சக்கரமும் அதே எடத்துல. உங்க கண்ணு நகரவே வேணாம். திரும்ப பாத்தா விரல ஸ்க்ரீனுக்கு நடுவுல வெச்சுட்டு பாருங்க, விரல் எல்லாத்தையும் மறைக்கும். எடிட் பண்ண மார்கரெட் சிக்செல் அதுக்கு முன்னாடி ஆக்‌ஷன் படமே பண்ணதில்ல, அதுக்குத்தான் ஆஸ்கர் வாங்கினாங்க.

இன்னொண்ணு பழசு. 1981 ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க், லாரி துரத்தல். இந்தியானா ஜோன்ஸ் குதிரைல வந்து ஓடுற லாரில தாவுறான், டிரைவர தள்ளிட்டு ஓட்டுறான். பின்னாடி இருக்குற சிப்பாய்ங்க ஒவ்வொருத்தரா பக்கவாட்டுல ஊர்ந்து வர்றாங்க. கையில குண்டு பாயுது. கடைசி ஆளு உள்ள வந்து சரியா அந்த காயத்து மேலயே குத்துவான் பாருங்க, நமக்கு வலிக்கும். கண்ணாடி வழியா முன்னாடி தூக்கி எறியப்படுறான், முன்பக்க கம்பிய பிடிச்சு தொங்குறான், கம்பி வளையுது, லாரிக்கு அடில போறான், பின்னாடி வர்றான், சாட்டைய பிடிச்சு இழுத்துகிட்டே ஏறி திரும்ப முன்னாடி வந்து அதே சிப்பாய அதே கண்ணாடி வழியா தூக்கி எறியிறான். அடி நுனி எல்லாம் ஒரே ஒரு லாரிதான். முன்னாடி, அடில, பின்னாடி, மேல, திரும்ப முன்னாடி. ஒரு குழந்தை கூட அந்த வழிய வரைஞ்சு காட்டும். அடில போறது நெஜமான ஆளு, டெர்ரி லெனர்ட்ங்கிற ஸ்டண்ட்மேன், அதுக்காக ரோட்டு நடுவுல பள்ளம் வெட்டியிருக்காங்க.

சும்மா பாக்க வர்றவனுக்கு புரியிற மாதிரி எடுக்குறதுதான் இருக்கறதுலயே கஷ்டமான வேலை. ரசிகனுக்கு எடுக்குறது ஈஸி, பாதிய அவனே நிரப்பிப்பான்.

ஓரசீட்டுஓவியா:
//ரசிகனுக்கு எடுக்குறது ஈஸி, பாதிய அவனே நிரப்பிப்பான்//

+1. அப்படியே ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

யுனிவர்ஸ்வாத்தியார்:
இத நான் ஏத்துக்க மாட்டேன் வெட்டுஒட்டு. ரசிகன்தான் ஒவ்வொரு பொத்தானையும் பாத்து இது காமிக்ஸ்ல நீலம், இங்க ஏன் கறுப்புன்னு சண்ட போடுவான். அவன திருப்திப்படுத்துறது ஈஸியா? ஒரு படம் எடுத்து பாருங்க தெரியும்.

வெட்டுஒட்டு:
பொத்தான் விஷயத்துல நீங்க சொல்றது சரி 😄 அவங்ககிட்ட தப்பிக்க முடியாது. நான் சொன்னது வேற, ஒரு ஆளு திரைல வந்து நின்னாலே ரசிகனுக்கு அவன் மேல பாசம் ரெடியா இருக்கும், சும்மா வந்தவனுக்கு அந்த பாசத்த அஞ்சு நிமிஷத்துல உண்டாக்கணும். ஓவியா சொன்ன வில் சீன் மாதிரி.

நிலாக்குதிரை:
என்ன பெரிய ஆராய்ச்சி. ஹாலிவுட் டைரக்டர் மார்ட்டின் ஸ்கார்செஸி 2019லயே சொல்லிட்டாரே, இதெல்லாம் சினிமா இல்ல, தீம் பார்க்குக்கு பக்கம்னு. அவ்ளோதான் மேட்டர். நல்ல சினிமா பாருங்கப்பா.

தூங்குமூஞ்சி77:
தீம் பார்க்கும் எனக்கு புடிக்குமே, இப்ப என்ன செய்ய

யுனிவர்ஸ்வாத்தியார்:
ஆரம்பிச்சுட்டாங்கய்யா. பிளாக் பாந்தருக்கு சிறந்த படம் நாமினேஷனே கெடச்சுது, மூணு ஆஸ்கர் ஜெயிச்சுது, லோகனுக்கு திரைக்கதை நாமினேஷன். அதெல்லாம் ராட்டினமா?

நிலாக்குதிரை:
ஆஸ்கர் குடுத்தா சினிமா ஆயிடுமா? நீங்க எல்லாம் இதையே பாத்து பாத்துதான் தியேட்டர்ல வேற படமே வர மாட்டேங்குது.

யுனிவர்ஸ்வாத்தியார்:
யாரு தடுத்தா? உங்க படத்த நீங்க போய் பாருங்க, இங்க வந்து ஏன் உபதேசம்

மட்டுறுத்துநர்:
ரெண்டு பேரும் கொஞ்சம் தண்ணி குடிங்க. ஆள பத்தி பேசாம படத்த பத்தி பேசுங்க, இல்லன்னா இழைய பூட்டிடுவேன்.

பழையரீல்:
நிலாக்குதிரை தம்பி, ஸ்கார்செஸி அதுக்கப்புறம் நியூயார்க் டைம்ஸ்ல விளக்கமா ஒரு கட்டுரை எழுதினாரு, அதுல ஆபத்தே இல்லாத படம், எல்லாம் முன்கூட்டியே சோதிச்சு பாத்து எடுத்த படம்னு அவரு வைக்கிற குறைல ஞாயம் இருக்கு. தியேட்டர் எல்லாத்தையும் இதுங்களே பிடிச்சுக்குதுங்கிற உங்க கோவமும் அதுல இருக்கு. அத நான் தள்ளிவிட மாட்டேன். ஆனா நடிப்பே இல்ல, வெறும் ராட்டினம்னா மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

1978 சூப்பர்மேன்ல ஒரு சீன். கூட வேலை பாக்குற லோயிஸ் வீட்டு ஹால்ல கிளார்க் கென்ட் (சூப்பர்மேன் சாதாரண ஆளா போடுற வேஷம்) நிக்கிறாரு, அவ உள்ள ரூம்ல. உண்மைய சொல்லிடலாம்னு நெனச்சு கண்ணாடிய கழட்டுறாரு. கிறிஸ்டோபர் ரீவ் அப்ப என்ன செய்யிறாருன்னு பாருங்க, கூனல் நிமிருது, தோள் விரியுது, கழுத்து நீளுது, குரல் எறங்குது, அதே கோட்டுக்குள்ள வேற மனுஷன் வந்து நிக்கிறான். அப்புறம் தைரியம் வராம கண்ணாடிய மாட்டிக்கிறாரு, மறுபடி தோள் சுருங்கி அந்த அசட்டு கிளார்க். ஒரு கட் கூட இல்ல, கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கண்ணாடி போட்டா எப்படி யாருக்கும் அடையாளம் தெரியாம போகும்னு உலகமே கிண்டல் பண்ணுன விஷயத்துக்கு அந்த மனுஷன் ஒடம்பாலயே பதில் சொல்லிட்டாரு.

நிலாக்குதிரை:
அந்த சீன் யூட்யூப்ல பாத்தேன். நல்லா இருக்கு. மத்தபடி என் கருத்துல மாற்றம் இல்ல.

சந்தேகசுப்பு:
லேட்டா வந்தேன். எனக்கு ரொம்ப நாள் டவுட்டு, மொட்டைமாடில இருந்து விழுற பொண்ண சூப்பர்ஹீரோ கீழ வந்து ரெண்டு கையையும் நீட்டி கப்புனு பிடிச்சா அந்த பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதா? தரைல விழுந்தா என்ன அவன் இரும்பு கையில விழுந்தா என்ன?

வெட்டுஒட்டு:
ஆகும். செம கேள்வி. 100 மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா காத்து தடைய விட்டுட்டு கணக்கு போட்டா கீழ வரும்போது வேகம் செகண்டுக்கு சுமார் 44 மீட்டர். அத 0.05 செகண்டுல நிறுத்தினா ஒடம்பு மேல விழுற அழுத்தம் புவியீர்ப்பு மாதிரி 90 மடங்கு, கத முடிஞ்சுது. அரை செகண்டு எடுத்து நிறுத்தினா 9 மடங்கு, மயக்கம் வரும் ஆனா பொழச்சுக்கலாம். அதனால நல்ல டைரக்டருங்க ஹீரோவ கூடவே விழ வெச்சு கொஞ்சம் கொஞ்சமா வேகத்த கொறச்சு வளைஞ்சு மேல போற மாதிரி காட்டுவாங்க.

யுனிவர்ஸ்வாத்தியார்:
காமிக்ஸ்லயே இது வந்துருக்கு சுப்பு. 1973ல வந்த அமேசிங் ஸ்பைடர்மேன் 121ஆவது இதழ்ல பாலத்துல இருந்து விழுற தன் காதலி க்வென் ஸ்டேசிய ஸ்பைடர்மேன் வலைய விட்டு பிடிச்சுடுவான், ஆனா அவ பொழைக்க மாட்டா. சட்டுனு நின்னதாலதான்னு அப்புறம் 125ஆவது இதழோட வாசகர் கடிதப் பக்கத்துல அவங்களே சொன்னாங்க. ஜேம்ஸ் ககாலியோஸ்னு ஒரு இயற்பியல் பேராசிரியர் இத வெச்சே மாணவர்களுக்கு பாடம் எடுத்திருக்காரு. அந்த இதழ் வந்தப்ப ரசிகர்கள் கொதிச்சு போயிட்டாங்க.

சந்தேகசுப்பு:
அட பாவிங்களா, சும்மா கேட்டேன், இப்ப தூக்கம் போச்சு

ரெட்டைவால்அம்மா:
உள்ள வரலாமா? எனக்கு தேவை ரொம்ப சிம்பிள். ஏழு வயசு பையன், சத்தம் பெருசா வந்தா காத பொத்திக்குவான் ஆனா டைனோசர்னா உயிர். ஜுராசிக் பார்க் காட்டலாமா? பயந்துட்டா ராத்திரி எனக்குத்தான் வேலை.

செவிச்செல்வம்:
முதல் ஒரு மணி நேரம் தாராளமா காட்டலாம் அக்கா. 127 நிமிஷ படத்துல டைனோசர் வர்றதே மொத்தமா சுமார் கால் மணி நேரம்தான், மிச்சமெல்லாம் வரும் வரும்னு காக்க வைக்கிறதுதான். மழைல டி ரெக்ஸ் வர்ற சீன் மட்டும் நீங்க முன்னாடி பாத்துட்டு முடிவு பண்ணுங்க, அப்புறம் சமையல்கட்டுல ராப்டர் வர்றதும் அப்படித்தான்.

நான் சவுண்ட் பைத்தியம், அதனால இத சொல்லாம போக முடியாது. அந்த மழை சீன்ல ஜான் வில்லியம்ஸ் இசையே கிடையாது, கவனிச்சிருக்கீங்களா? மழை, கம்பி வேலி அறுந்து விழுற சத்தம், மூச்சு, அவ்ளோதான். அதுக்கு முன்னாடி டம்ளர் தண்ணில வட்டம் வட்டமா அலை வருமே, அது கார் டேஷ்போர்டுக்கு அடில கிட்டார் கம்பி கட்டி கீழ இருந்து மீட்டினது. டி ரெக்ஸ் கர்ஜனைல குட்டி யானை, புலி, முதலை மூணும் கலந்திருக்கு, செஞ்சவர் கேரி ரைட்ஸ்ட்ராம். ராப்டர் ஒண்ணுக்கொண்ணு கூப்பிடுற சத்தத்துல ஆமை கலந்திருக்கு, ஆமை என்ன பண்ணும்போது எடுத்ததுன்னு பையன் முன்னாடி படிக்காதீங்க 🙈

ஸ்டார் வார்ஸ்லயும் (1977) இதே கூத்துதான். பென் பர்ட் பழைய ப்ரொஜெக்டர் மோட்டார் முனகலையும் டிவி பின்னாடி மைக் கொண்டு போனா வர்ற இரைச்சலையும் சேத்து அந்த ஒளிவாள் சத்தத்த உண்டாக்கினாரு. எதிரி விமானம் சீறிட்டு போற சத்தத்துல யானை பிளிறலும் ஈர ரோட்டுல கார் போற சத்தமும் இருக்கு. சத்தம் நெஜமான பொருள்ல இருந்து வந்தா, பாக்குறது பொம்மையா இருந்தாலும் மனசு நம்பிடுது. பையன் பயந்தான்னா இந்த யானை கதைய சொல்லுங்க, அடுத்த தடவை யானை எங்கன்னு தேட ஆரம்பிச்சுடுவான்.

ரெட்டைவால்அம்மா:
யானை ஐடியா பிரமாதம், நன்றிங்க. ஆமைய நான் மட்டும் தேடி படிச்சுக்கறேன்.

ஓரசீட்டுஓவியா:
அந்த டி ரெக்ஸ் 1993ல வந்தது, இன்னிக்கு பாத்தாலும் நெஜமா இருக்கு. போன வருஷம் வந்த படங்கள்ல சிலது பொம்ம மாதிரி இருக்கு. டெக்னாலஜி வளந்தும் ஏன் இப்படி வெட்டுஒட்டு?

வெட்டுஒட்டு:
மழை, இருட்டு ரெண்டும் குறைகள மறைச்சுடும், அது ஒண்ணு. ரெண்டாவது, கிட்டக்க வர்ற ஷாட் பலதுல இருந்தது நெஜமாவே செஞ்ச பெரிய பொம்மை, ஸ்டான் வின்ஸ்டன் குழு செஞ்சது, கம்ப்யூட்டர்ல செஞ்சது மொத்த படத்துல சில நிமிஷம்தான், அந்த சில நிமிஷத்துக்கு மொத்த உழைப்பும் போச்சு. இப்ப ஒரு படத்துல ரெண்டாயிரம் விஎஃப்எக்ஸ் ஷாட் (கம்ப்யூட்டர்ல செஞ்சு சேக்குற காட்சி) சர்வ சாதாரணம், ரிலீஸுக்கு சில வாரம் முன்னாடி க்ளைமாக்ஸ மாத்துறாங்க, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து செய்யிறவன் என்ன பண்ணுவான். மார்வெல்ல விஎஃப்எக்ஸ் வேலை பாக்குறவங்க 2023ல யூனியன் வேணும்னு ஓட்டு போட்டாங்க, ஒருத்தர் கூட எதிர்த்து போடல. வானத்துல நீல வெளிச்சம் சுத்துது, கீழ சாம்பல் கலர்ல ஆயிரம் பேரு ஓடுறாங்கன்னு ஒரே மாதிரி க்ளைமாக்ஸ பாத்தா எனக்கு அந்த ராத்திரி ஷிஃப்ட்டுதான் ஞாபகம் வரும்.

தூங்குமூஞ்சி77:
இதெல்லாம் இருக்கட்டும், நீளத்த பத்தி யாராவது பேசுங்க. எண்ட்கேம் 181 நிமிஷம், த பேட்மேன் 176. நான் தூங்குமூஞ்சின்னு பேரு வெச்சது சும்மா இல்ல. அதுக்கு மேல பேர் ஓடி முடியிற வரைக்கும் உக்கார சொல்றாங்க, கடைசில எவனோ ஒருத்தன் வந்து திரும்பி பாத்து சிரிப்பான், அது யாருன்னு கேட்டா மறுபடியும் எக்ஸல் ஷீட்.

யுனிவர்ஸ்வாத்தியார்:
எல்லாமே அப்படி இல்ல தூங்கு. முதல் அவெஞ்சர்ஸ் (2012) கடைசில எல்லாரும் ஒரு கடைல உக்காந்து பேசாம ஷவர்மா மெல்லுவாங்களே, அத ரசிக்க எதுவும் தெரிய வேணாம். அத அமெரிக்காவுல ப்ரீமியர் முடிஞ்ச அப்புறம்தான் எடுத்தாங்க, அதுக்குள்ள கேப்டன் அமெரிக்காவா நடிச்ச கிறிஸ் எவன்ஸ் அடுத்த படத்துக்கு தாடி வளத்துட்டாரு, அதனால கைய வெச்சு தாடைய மறச்சுட்டே உக்காந்திருப்பாரு பாருங்க.

ஆனா நீளம் கொறஞ்சா கூட்டம் வரும்னு சொல்லவும் முடியாது. த மார்வெல்ஸ் 105 நிமிஷம்தான், மார்வெல் வரிசைலயே கம்மி வசூல் அதுக்குத்தான். அத பாக்க ரெண்டு மூணு சீரிஸ் பாத்திருக்கணும்னு ஜனங்க நெனச்சதும் ஒரு காரணம்னு எக்ஸல் ஷீட்காரன் நானே சொல்றேன்.

கடைசிவரிசை:
வேலை அதிகம், அதான் ஆளக் காணோம், இவ்ளோ பேரு எழுதியிருக்கீங்க! எல்லாத்தையும் படிச்சேன். வெட்டுஒட்டு சொன்ன லாரி சீனுக்காகவே ரெய்டர்ஸ் போட்டு பாத்தேன், நாப்பது வருஷத்துக்கும் மேல பழைய படம் மாதிரியே இல்ல, அந்த காயத்துல குத்துற எடத்துல நானும் கைய பிடிச்சுகிட்டேன். வாள் சுத்துற ஆள டொப்புனு சுட்டுட்டு போறானே, அங்க சிரிச்சது அடங்க ரொம்ப நேரம் ஆச்சு.

பழையரீல்:
அதுக்கு பெரிய வாள் சண்டையே ப்ளான் பண்ணியிருந்தாங்க. டுனீசியாவுல ஷூட்டிங், ஹாரிசன் ஃபோர்டுக்கு வயித்துப்போக்கு, நிக்க முடியல. சுட்டுட்டு போயிடலாமான்னு டைரக்டர் ஸ்பீல்பெர்க் கிட்ட கேட்டாரு, வேலை முடிஞ்சுது.

கடைசிவரிசை:
வயித்துப்போக்கு குடுத்த சீனா அது 😂

சரி, அடுத்த வாரத்துக்கு ஒண்ணு சொல்லுங்க. சூப்பர்ஹீரோ படமா இருக்கணும், முன்கத தெரிஞ்சிருக்கணும்னு இருக்க கூடாது, நீளம் ரெண்டு மணிக்கு கிட்டக்க.

ஓரசீட்டுஓவியா:
ஸ்பைடர்மேன் இன்டு த ஸ்பைடர்வெர்ஸ், 2018. அனிமேஷன்னு நெனச்சு ஒதுக்கிடாதீங்க. எத்தன ஸ்பைடர்மேன் வந்தாலும் ஒவ்வொருத்தரும் வரும்போதே தன் கதைய அரை நிமிஷத்துல சொல்லிட்டுத்தான் வருவாங்க, அதுவே ஒரு காமெடியா போகும்.

வெட்டுஒட்டு:
நானும் அதத்தான் சொல்ல வந்தேன். காட்டுல பீட்டரும் (பழைய ஸ்பைடர்மேன்) மைல்ஸும் (புதுசா கத்துக்குற பையன்) மரத்துக்கு மரம் தாவுற சீன கவனிங்க. பீட்டர் அசைவு செகண்டுக்கு 24 படம், மைல்ஸுக்கு பாதி, 12தான், ஒவ்வொரு படமும் ரெண்டு ஃப்ரேம் நிக்கும். ஒரே திரைல ஒருத்தன் வழுக்கிட்டு போறான், இன்னொருத்தன் தடுக்கி தடுக்கி போறான். இது தெரியாமலே பையனுக்கு இன்னும் கைவரலன்னு புரிஞ்சுடும்.

யுனிவர்ஸ்வாத்தியார்:
ஒரே ஒரு எச்சரிக்கை. அது நல்லா இருக்குன்னு கையோட ரெண்டாவது பாகம் (2023) போட்டுடாதீங்க, அது பாதில தொடரும்னு போட்டு நின்னுடும்.

கடைசிவரிசை:
முதல் பாகம் முழுசா முடியுதா?

யுனிவர்ஸ்வாத்தியார்:
முடியும் தல.

செவிச்செல்வம்:
ஃபோன் ஸ்பீக்கர்ல மட்டும் பாக்காதீங்க, ப்ரௌலர்னு ஒரு வில்லன் வருவான், அவன் வரும்போது ஒரு அலறல் கேக்கும், அதுக்கு ஹெட்ஃபோனாவது வேணும்.

கடைசிவரிசை:
ஹெட்ஃபோன் இருக்கு. சனிக்கிழமை பாத்துட்டு வந்து சொல்றேன்.